உடல் பருமனுக்கு யார் பணம் கட்டுகிறார்?

முதலாளிமாரின் கணக்கும் நம் வீட்டுக் கணக்கும்

மாதம் பிறந்ததும் சம்பளப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரிசிக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, பிள்ளைகளின் டியூஷனுக்கு இவ்வளவு, உம்மாவின் மருந்துக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பீர்கள். அந்தக் கணக்கில் "உடல் பருமன்" என்று ஒரு தலைப்பை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் அமெரிக்காவிலுள்ள பெரிய கம்பனிகள் பல வருடங்களாக அப்படியொரு தலைப்பிட்டே கணக்குப் பார்த்து வருகின்றன. தம்மிடம் வேலை செய்யும் ஒருவரின் உடல் எடை கூடினால் தமக்கு வருடத்துக்கு எத்தனை டொலர் நட்டம் என்பதே அந்தக் கணக்கு.

"அடுத்தவர் உடம்பைப் பற்றி இவர்களுக்கு என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தக் கணக்கை ஒரு முறை பொறுமையாகப் படித்துப் பார்ப்பது நமக்கு நல்லது. அதிலே உழைக்கும் மனிதனைப் பற்றிய உண்மைகள் சில இருக்கின்றன. பெண்களுக்கு இழைக்கப்படும் அநியாயம் ஒன்றும் மறைந்திருக்கிறது.

பருமன் என்று எதைச் சொல்கிறார்கள்?

முதலில் அளவுகோலைத் தெரிந்துகொள்வோம். ஒருவரின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, அதை அவரது உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். உயரம் மீற்றரில் இருக்க வேண்டும். வருகின்ற விடைக்கு உடற்திணிவுச் சுட்டி என்று பெயர். அது 25ஐத் தொட்டால் அதிக எடை. 30ஐத் தொட்டால் பருமன். 40ஐத் தொட்டால் கடும் பருமன்.

ஐந்தடி ஓரங்குல உயரமுள்ள ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். அவரது உயரம் ஏறத்தாழ 1.55 மீற்றர். அவர் 60 கிலோ இருந்தால் சுட்டி 25. 72 கிலோ இருந்தால் 30. 96 கிலோ இருந்தால் 40. இவ்வளவுதான் கணக்கு. உங்கள் எடையையும் உயரத்தையும் வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு இதிலே ஓர் எச்சரிக்கையும் உண்டு. சுட்டி குறைவாக இருக்கும்போதே நமக்கு நீரிழிவும் இருதய நோயும் வந்துவிடுகின்றன. எனவே ஆசியர்கள் 23இலிருந்தே கவனமாக இருக்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2004ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். மேற்சொன்ன சகோதரிக்கு 23 என்பது 55 கிலோ, 27.5 என்பது 66 கிலோ.

2022ஆம் ஆண்டில் உலகில் பருமனாக இருந்த வளர்ந்தோரின் தொகை ஏறத்தாழ 89 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆகவே இது ஏதோ சில பேருடைய பிரச்சினை அல்ல.

கம்பனிக்கு என்ன செலவு?

அமெரிக்காவில் வைத்தியச் செலவு மிகமிக அதிகம். உழைக்கும் வயதினரில் பெரும்பாலானோருக்கு வைத்தியக் காப்புறுதி அவர்கள் வேலை செய்யும் இடத்தின் மூலமே கிடைக்கிறது. கட்டணத்தின் பெரும் பங்கைக் கட்டுபவர் முதலாளி. ஊழியருக்குச் சீனி வருத்தம் வந்தாலும், பிரஷர் வந்தாலும், முழங்கால் தேய்ந்தாலும் அந்தச் சுமை கடைசியில் கம்பனியின் கணக்கில் ஏறுகிறது. அதனாலேயே அந்நாட்டு முதலாளிமார் ஊழியரின் இடுப்பளவைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள்.

1998ஆம் ஆண்டில் அங்கு ஓர் ஆய்வு வெளியானது. 1994ஆம் ஆண்டில் மாத்திரம் ஊழியரின் பருமனால் அமெரிக்க வணிக நிறுவனங்களுக்கு ஏற்பட்ட செலவு 1,270 கோடி டொலர் என்று அது மதிப்பிட்டது. இதில் 770 கோடி டொலர் வைத்தியக் காப்புறுதிக்குப் போனது. சம்பளத்துடன் கூடிய சுகயீன லீவுக்கு 240 கோடி. ஆயுட் காப்புறுதிக்கு 180 கோடி. உழைக்க முடியாமற் போனவர்களுக்கான காப்புறுதிக்கு 80 கோடி.

அதன்பின் 2010ஆம் ஆண்டில் எரிக் ஃபிங்கெல்ஸ்டீன் என்ற பொருளியலாளரும் அவரது குழுவினரும் இன்னும் விரிவான ஒரு கணக்கை வெளியிட்டார்கள். முழுநேர ஊழியர்களின் பருமனால் வருடத்துக்கு 7,310 கோடி டொலர் செலவாகிறது என்பது அவர்களது முடிவு. முதற் கணக்கைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு! பதினாறு வருடங்களில் பருமனானோர் தொகையும் வைத்தியச் செலவும் கூடியது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமல்ல. முதற் கணக்கில் இல்லாத ஒரு செலவை இவர்கள் புதிதாகச் சேர்த்தார்கள்.

வந்திருந்தும் வராதவர்

அது என்ன செலவு தெரியுமா? லீவு எடுத்தவரின் கணக்கு லீவுப் புத்தகத்தில் இருக்கும். வேலைக்கு வந்து, முழங்கால் வலியோடும் மூச்சுவாங்கலோடும் இரவில் தூங்காத களைப்போடும் மேசையில் இருப்பவரின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இராது. ஆள் இருக்கிறார், வேலை நகரவில்லை. இந்த நட்டத்தையும் டொலராக மாற்றிப் பார்த்தபோது, அதுவே எல்லாவற்றிலும் பெரிய தொகையாக வந்தது. வைத்தியச் செலவையும் லீவையும்கூட அது மிஞ்சிவிட்டது.

சகோதரிகளே, நமக்கு இது புதிய செய்தியா? காய்ச்சலோடு எழுந்து சமைத்த நாட்கள் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று சோறும் கறியும் மேசைக்கு வந்திருக்கும். ஆனால் ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் பிடித்திருக்கும். அந்தக் களைப்பைத்தான் பொருளியலாளர்கள் அளந்து பார்த்தார்கள்.

அமெரிக்காவின் சிறிய, நடுத்தரத் தொழிற்சாலை ஊழியர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது. சுட்டி 35ஐத் தாண்டியவர்கள் உடல்நிலை காரணமாகத் தமது வேலைத்திறனில் 4.2 சதவீதத்தை இழந்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிடும்போது ஆளொருவருக்கு வருடத்துக்கு 506 டொலர் மேலதிக நட்டம்.

நூறு பேருக்கு எத்தனை நாள்?

வட கரோலைனா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. பல்கலைக்கழகத்திலும் அதன் வைத்தியசாலையிலும் வேலை செய்த 11,728 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். வேலையிடத்தில் அடிபட்டு, விழுந்து, சுளுக்கி நட்டஈடு கோரியவர்களின் கணக்கு அது.

சரியான எடையுள்ள நூறு பேரை எடுத்தால், அப்படிப்பட்ட காயங்களால் அவர்கள் எல்லோரும் சேர்ந்து வருடத்துக்கு 14 வேலை நாட்களை இழந்தார்கள். சுட்டி 40ஐத் தாண்டிய நூறு பேர் இழந்தது 184 நாட்கள்! அதே நூறு பேருக்கான வைத்தியச் செலவு முதற் பிரிவினருக்கு 7,503 டொலர். இரண்டாம் பிரிவினருக்கு 51,091 டொலர். கால், கை மணிக்கட்டு, முதுகு ஆகிய இடங்களே அதிகம் பாதிக்கப்பட்டன. வழுக்கி விழுவதும் பாரம் தூக்குவதும் முக்கிய காரணங்கள்.

இந்த எண்களைப் பார்த்தவுடன் "பருமனானவர்கள் எல்லோரும் கம்பனிக்குப் பாரம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2010இன் கணக்கிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. சற்றே எடை கூடிய ஆண்களால் கம்பனிக்கு மேலதிகச் செலவு எதுவும் இல்லை. சாதாரண எடையுள்ள ஆண்களைவிட அவர்களுக்கு ஆளொருவருக்கு 322 டொலர் குறைவாகவே செலவாகியது. பருமனானவர்களில் சுட்டி 35ஐத் தாண்டியவர்கள் 37 சதவீதத்தினர். மேலதிகச் செலவில் 61 சதவீதம் அவர்களைச் சேர்ந்தது. அதாவது, செலவின் பெரும் பகுதி நோயோடு போராடும் ஒரு சிறு பிரிவினரைச் சுற்றியே இருக்கிறது. கொஞ்சம் வயிறு வைத்த எல்லோரையும் அதே தராசில் ஏற்றுவது கணக்கின்படியே பிழையாகும்.

சம்பளத்தில் வெட்டப்படுவது யாருக்கு?

இனி, நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். இந்தச் செலவையெல்லாம் முதலாளி தன் சட்டைப் பையிலிருந்தா கொடுக்கிறார்?

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2009இல் இதை ஆராய்ந்தார்கள். வேலையிடத்தின் மூலம் வைத்தியக் காப்புறுதி பெறும் பருமனான ஊழியர்களுக்கு, அதே தகுதியுள்ள மற்றவர்களைவிடக் கையில் கிடைக்கும் சம்பளம் குறைவாக இருந்தது. அத்தகைய காப்புறுதி இல்லாத இடங்களில் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. முதலாளி ஒரு கையால் கட்டிய காப்புறுதிப் பணத்தை மறு கையால் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறார் என்பதே இதன் பொருள். இந்தக் கழிவு பெண்களிடத்திலேயே அதிகமாகத் தெரிந்தது.

பொருளியலாளர் ஜோன் கோலி 2004இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே குறிப்பிடத்தக்கது. அமெரிக்க வெள்ளையினப் பெண்களில் ஒருவருக்கொருவர் ஏறத்தாழ 29 கிலோ எடை வித்தியாசம் இருந்தால், சம்பளத்தில் 9 சதவீத வித்தியாசம் இருந்தது. அது எவ்வளவு பெரிய இழப்பு தெரியுமா? ஒன்றரை வருடப் படிப்பு அல்லது மூன்று வருட வேலை அனுபவம் பெற்றுத்தரக்கூடிய சம்பள உயர்வுக்கு அது சமம். ஒரு பெண் கஷ்டப்பட்டுப் படித்துப் பெற்ற சம்பளத்தை அவளது உடல் எடை பறித்துக்கொண்டு போகிறது.

டென்மார்க்கில் நடந்த ஒரு வழக்கு ஐரோப்பா முழுவதையும் பேச வைத்தது. உள்ளூராட்சிச் சபையொன்றின் சார்பில் தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பராமரித்து வந்த ஒருவர், ஏறத்தாழ பதினைந்து வருடச் சேவைக்குப் பின் 2010இல் வேலை நீக்கப்பட்டார். அவரது எடை 160 கிலோவுக்கும் மேல். பராமரிக்கப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சபை சொன்னது. தன் பருமன்தான் காரணம் என்று அவர் வழக்காடினார். 2014 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. பருமன் என்ற ஒன்றுக்காக மட்டும் சட்டப் பாதுகாப்புக் கிடையாது. ஆனால் அது நீண்ட காலத்துக்கு ஒருவரின் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்குமானால் அதை ஊனமாகக் கருதிப் பாதுகாக்க வேண்டும் என்பதே தீர்ப்பு. அவரது நிலை அப்படிப்பட்டதா என்று முடிவு செய்யும் பொறுப்பு டென்மார்க் நீதிமன்றத்துக்கே விடப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சட்டமோ உடல் எடையைக் காரணங்காட்டி வேலையில் பாரபட்சம் காட்டுவதை 1970களிலேயே தடை செய்துவிட்டது. நியூயோர்க் நகரம் 2023இல் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது.

வேலையே பருமனாக்கினால்?

முதலாளிமாரின் கணக்கில் பெரும்பாலும் ஒரு பக்கம் விடுபட்டுப் போகிறது. ஊழியரின் பருமனால் வேலைக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்பவர்கள், வேலையால் ஊழியரின் உடம்புக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்பது குறைவு.

லண்டன் மாநகரில் ஜெரமி மோரிஸ் என்ற வைத்தியர் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். சாரதி நாள் முழுவதும் ஆசனத்தில் இருப்பவர். கொண்டக்டரோ ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குபவர். கொண்டக்டர்களைவிடச் சாரதிகளுக்கே மாரடைப்பு அதிகம் என்பதை 1953இல் அவர் வெளியிட்டார். 1956இல் இன்னொரு வேடிக்கையான வழியில் அதைத் தொடர்ந்தார். இரு சாராருக்கும் கொடுக்கப்பட்ட சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். எல்லா வயதிலும் சாரதிகளின் இடுப்பே பெருத்திருந்தது!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960களின் தொடக்கத்தில் அங்கு தனியார் துறை வேலைகளில் ஏறக்குறைய பாதி, உடம்பை ஓரளவாவது அசைத்துச் செய்யும் வேலைகளாக இருந்தன. ஐம்பது வருடங்களில் அது ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊழியர் ஒருவர் வேலையில் செலவிடும் சக்தி நாளொன்றுக்கு நூறு கலோரிக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பகல் முழுவதும் கதிரையில் இருத்தி வைத்துவிட்டு, "உன் உடம்பு ஏன் பெருத்தது?" என்று கேட்பது என்ன நியாயம்?

பணத்தைக் கொட்டினார்கள், பலன்?

செலவைக் குறைக்கக் கம்பனிகள் பல வழிகளைக் கையாண்டன. ஜப்பானில் 2008ஆம் ஆண்டு முதல் 40 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் இடுப்பளவு வருடாந்த வைத்தியப் பரிசோதனையில் எடுக்கப்படுகிறது. ஆண்களுக்கு 85, பெண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லை. அதைத் தாண்டி வேறு அறிகுறிகளும் இருப்பவர்களுக்கு ஆலோசனை வழங்கப்படும்.

அமெரிக்கக் கம்பனிகள் உணவு ஆலோசனை, உடற்பயிற்சி வகுப்பு, எடை குறைப்போருக்குப் பரிசு என்று ஏற்பாடு செய்தன. இதற்குச் செலவழிக்கும் ஒரு டொலருக்கு வைத்தியச் செலவில் மூன்று டொலருக்கு மேல் மிச்சமாகும் என்று பொருளியலாளர் கதரின் பெய்க்கரும் அவரது குழுவினரும் 2010இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்து அறிவித்தார்கள். ஆனால் அதே பெய்க்கர் இன்னொருவருடன் சேர்ந்து ஒரு பெரிய கடைத்தொகுதி நிறுவனத்தின் ஏறத்தாழ 33,000 ஊழியர்களிடம் நேரடியாகப் பரிசோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டபோது நிலைமை வேறாக இருந்தது. உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்களின் தொகை கூடியிருந்தது. ஆனால் ஒன்றரை வருடத்தின் பின்னும் எடையிலோ, இரத்த அழுத்தத்திலோ, வைத்தியச் செலவிலோ, லீவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

ஏன் இந்த முரண்பாடு? இத்தகைய வகுப்புகளுக்குத் தாமாக முன்வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே உடம்பைக் கவனித்து வருபவர்கள். அவர்களை மாத்திரம் பார்த்துக் கணக்கெழுதினால் வகுப்பினால் நன்மை வந்தது போலத் தோன்றும். தன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சொன்ன அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் வந்த பின்னர் இந்தக் கணக்கு மேலும் சிக்கலானது. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அத்தகைய ஊசி ஒன்றின் அன்றைய பட்டியல் விலை மாதத்துக்கு 1,300 டொலருக்கும் மேல். வட கரோலைனா மாநில அரசின் ஊழியர் காப்புறுதித் திட்டம் எடை குறைப்பு ஊசிகளுக்காக 2023இல் ஏறத்தாழ 10 கோடி டொலரைச் செலவிட்டது. தாங்க முடியாமல் 2024 ஏப்ரலில் எடை குறைப்புக்காக அவற்றைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. நோயின் செலவைவிட மருந்தின் செலவு கூடிவிட்டால், கணக்குப் பார்ப்பவர் கையை விரித்துவிடுவார். நோயாளிதான் நடுத்தெருவில் நிற்பார்.

எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாதவள்

இந்த டொலர் தொகைகளை ரூபாவாக மாற்றி நம் நாட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியல்ல. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆகவே நம் முதலாளிமாரின் கணக்கில் அமெரிக்க முதலாளிக்கு வரும் தொகை வராது. அப்படியானால் அந்தச் செலவு எங்கே போகிறது?

நாட்சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலியால் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சம்பளமில்லை. முதலாளியின் கணக்கில் அந்த நாளின் நட்டம் பூச்சியம். வீட்டில்தான் அடுப்பு எரியாது. சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் சீனி வருத்தத்தால் கால் புண்ணாகிப் படுத்தால், அவரே முதலாளி, அவரே ஊழியர். இரண்டு நட்டமும் அவருக்கே. ஆஸ்பத்திரி வரிசையில் அவரோடு நிற்க ஒரு மகனோ மகளோ தன் வேலையையும் படிப்பையும் விட்டுப் போக வேண்டும். அந்த நாளும் எங்கும் எழுதப்படுவதில்லை.

இல்லத்தரசியின் நிலை என்ன? அவளுக்கு லீவுப் புத்தகமே கிடையாது. குனிந்து நிமிர முடியாமல், படியேற முடியாமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் செய்யும் வேலையின் நட்டத்தை அந்த ஆய்வாளர்கள் டொலரில் போடவில்லை. சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர்களை மாத்திரமே அந்த 7,310 கோடி கணக்கு எடுத்துக்கொண்டது. சம்பளமில்லாதவளின் வலிக்கு அதிலே இடமில்லை.

எனவே சகோதரிகளே, நம் கணக்கை நாமே எழுதுவோம். ஒரு கொப்பியில் மூன்று மாதங்களுக்கு எழுதிப் பாருங்கள். வீட்டில் பிரஷருக்கும் சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் வாங்கிய மருந்து எவ்வளவு? தனியார் வைத்தியருக்குக் கொடுத்தது எவ்வளவு? ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோக் காசு எவ்வளவு? எத்தனை வேலை நாட்கள் போயின? இதிலே வாப்பாவுடைய நாட்களை மட்டும் எழுதி, உங்கள் நாட்களை விட்டுவிடாதீர்கள். வலியோடு சமைத்த நாட்களுக்கும் ஒரு கோடு போட்டு வையுங்கள். மூன்று மாத முடிவில் கூட்டிப் பார்த்தால், எந்தப் பொருளியலாளரும் சொல்லாத ஓர் உண்மையை அந்தக் கொப்பி உங்களுக்குச் சொல்லும்.

அதைப் பார்த்து யாரையும் குற்றஞ்சாட்ட வேண்டாம். "தின்று தின்று பெருத்துவிட்டாள்" என்ற ஒரு சொல் எந்த உடம்பையும் மெலிய வைத்ததில்லை; வைத்தியரிடம் போக வெட்கப்பட வைத்ததுதான் அதன் பலன். பரம்பரை, தொழில், தூக்கமின்மை, மருந்துகள், மனக்கவலை எல்லாம் சேர்ந்துதான் எடை கூடுகிறது. ஆகவே பரிகாரத்தையும் குடும்பம் முழுவதுமே சேர்ந்து தேட வேண்டும். தேத்தண்ணீருக்குப் போடும் சீனியை எல்லோருக்குமாகக் குறையுங்கள். கதிரையில் இருந்து வேலை செய்யும் கணவரை மாலையில் உங்களுடன் அரை மணி நேரம் நடக்கக் கூப்பிடுங்கள். நடக்க உங்களுக்கு நேரம் கிடைக்க, வீட்டு வேலையில் ஒரு பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். வருடத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கடையோ தையல் நிலையமோ நடத்தும் சகோதரிகளுக்கு இன்னுமொரு வார்த்தை. உங்களிடம் வேலை செய்யும் பிள்ளையின் எடையை அளக்கப் போகாதீர்கள். நாள் முழுவதும் அவளை மெஷினின் முன்னால் இருத்தி வைத்திருக்கிறீர்களா, எழுந்து நடக்க நேரம் கொடுக்கிறீர்களா, பகல் சாப்பாட்டைப் பறக்கப் பறக்கத் தின்ன வைக்கிறீர்களா என்று பாருங்கள். உங்கள் கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.